பிரேக் தட்டில் தேய்த்த எண்ணெய்

எங்கள் வீட்டில் இரும்பு என்று எது இருந்தாலும் ஆயுத பூஜைக்கு எண்ணெய் பூசிக்கொண்டாக வேண்டும். மண்வெட்டி, அரிவாள்மணை, அம்மாவின் தையல் மிஷின் எதுவும் தப்பாது. எனக்குப் பத்து வயதான வருஷம் அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "ஒண்ணு விடாமப் பூசி வையி, ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் அண்ணனுக்கு டிஸ்க் பிரேக் சைக்கிள் வந்திருந்தது. கோயம்புத்தூர் சித்தப்பா வாங்கித் தந்தது. மார்க்கையன்கோட்டையில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தட்டு மின்னும். பிரேக் பிடித்தால் இரண்டு கட்டைகள் அந்தத் தட்டைக் கவ்வும். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. "ஓன் தப்பால ஒரு தடவ விழுந்தாலும் வித்துப்புடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அண்ணன் அதை என்னைத் தொடவே விடமாட்டான்.

அவன் வாழைக்கன்று வெட்டப் போன நேரம் எனக்கு வசதியாகிவிட்டது. சாமி காரியம், யார் என்ன சொல்ல முடியும்? முன்தட்டு, பின்தட்டு இரண்டையும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எனக்கே கும்பிடத் தோன்றியது.

மறுநாள் காலை டியூஷனுக்குப் போன அண்ணன், ஆற்றுப் பாலத்துச் சரிவில் குறுக்கே வந்த மாட்டைப் பார்த்து பிரேக் பிடித்திருக்கிறான். சைக்கிள் நிற்கவில்லை. மைல்கல்லில் மோதி விழுந்ததில் முழங்கால் கிழிந்து, முன்தட்டும் வளைந்துபோனது. "யாரோ கண்ணு வச்சுட்டாக" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

தேங்காய் ஏற்றிப்போன வண்டியில் சைக்கிளைப் போட்டு, அப்பா எங்கள் இருவரையும் பழனிசெட்டிபட்டி கடைக்குக் கூட்டிப்போனார். மெக்கானிக் தட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து வளைவைப் பார்த்து, மாற்றத்தான் வேண்டும் என்றார். சுவரில் தொங்கிய புதுத் தட்டுகளில் பெரியதை அப்பா காட்டினார்.

"பெருசு போட்டா கட்டையப் பிடிச்சிருக்க காலிப்பர்ல இடிக்கும்ணே. பழைய அளவுதேன் போடணும், போல்ட்டு ஓட்டையும் ஆறு இருக்கணும்" என்று வேறொன்றை எடுத்த மெக்கானிக், பழைய கட்டையை மோந்து பார்த்தார். "தேங்கா எண்ணெயில ஊறிக் கெடக்கு! கட்டையவும் மாத்தணும், இல்லேன்னா புதுத் தட்டும் வழுக்கும். பிரேக்குல போயி யாருண்ணே எண்ணெ போட்டது?"

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். நான் தரையில் கிடந்த நட்டுகளை வெறித்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தேன்ப்பா" என்றான் அண்ணன்.

அப்பா கத்தவில்லை. புதுத் தட்டும் கட்டைகளும் மாட்டி முடிந்ததும், "ஆளு வந்தா வித்துக் குடுத்துருப்பா" என்று மெக்கானிக்கிடம் சொல்லி சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தான். பக்கத்தில் நான் தப்பித்த சந்தோஷத்தில் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. எண்ணெய் போட்டது தானா இல்லையா என்பதுகூடவா ஒருத்தனுக்கு மறந்துபோகும் என்றுதான் அன்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.