கன்ட்ரோல் ரத்தம்

ரத்தம் பொய் சொல்லாது என்று வருகிற மாணவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அதே ரத்தம் அவளிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னபோது, கெட்டுப்போய்விட்டது என்று வாளியில் கொட்டினாள். யாருடைய ரத்தம்? கூடப்பிறந்த தம்பியுடையது.

அவள் தடுப்பூசி ஆராய்ச்சிக்காரி. உடம்பு நோயை எப்படி எதிர்த்து நிற்கிறது என்பதைப் படித்தவள். சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் புரிந்தால்தானே! "டாக்டர்னு சொல்றே, என் முட்டி வலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தர மாட்டேங்கிறியே" என்று அத்தை கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணம், காட்சி என்று எதற்கும் அவள் நேரம் ஒதுக்கவில்லை. குழந்தைகளைக் கொண்டுபோகிற மூளைக்காய்ச்சல் ஒன்றுக்கு ஊசி கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத் தலையால் தண்ணீர் குடித்தாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லி வைத்தவர் யாரோ, அவர் இவள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். படிப்பு ஏறவில்லை, வாய் மட்டும் நன்றாக ஏறியிருந்தது. மாதம் ஒருமுறை ஆய்வகத்து வாசலில் வந்து நிற்பான்.

"அக்கா, கன்ட்ரோல் வந்திருக்கேன். எங்க குத்தணுமோ குத்திக்கோ. டீயும் பன்னும் உன் செலவு."

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஊசி போட்ட குழந்தைகளின் ரத்தத்துக்குச் சாயம் ஏற்றி, நோயை எதிர்க்கும் அணுக்கள் முழித்துக்கொண்டனவா என்று இயந்திரத்தில் பார்ப்பார்கள். இயந்திரமும் சாயமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று தெரிய வேண்டாமா? அதற்காக நோய்நொடி இல்லாத ஒருவரின் ரத்தத்தையும் கூடவே ஓட்டுவார்கள். அதுதான் கன்ட்ரோல். அது வழக்கம்போல வந்தால் அன்றைய சோதனை செல்லும். மாறி வந்தால் அன்றைக்குச் செய்ததெல்லாம் குப்பை.

தம்பியின் ரத்தம் வருஷக்கணக்காக இம்மியும் மாறவில்லை. "கன்ட்ரோல் சார் வந்துட்டாரு" என்று டெக்னீஷியன் பெண் சிரித்துக்கொண்டே சட்டைக்கையை மடித்துவிடுவாள். மிஞ்சும் அணுக்களைச் சின்னக் குழாய்களில் அடைத்துத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைப்பார்கள். போகிற போக்கில் அவன் அந்தக் கட்டிடத்து லிஃப்டையும் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவான்.

ஊசியின் பெரிய பரிசோதனை நடந்துகொண்டிருந்த நேரம். குழந்தைகளின் ரத்தம் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. அன்றைக்குத் தம்பியின் ரத்தத்தை ஓட்டினால், இயந்திரத் திரையில் அணுக்களைக் காட்டும் புள்ளிகள் இருக்கக்கூடாத இடத்தில் திட்டாக அப்பிக்கிடந்தன.

"சாயம் கெட்டிருக்கு. எல்லாத்தையும் கொட்டிட்டுப் புது பாட்டில் எடு" என்றாள். தம்பிக்கு போன் போட்டாள். "டேய், நாளைக்கே ஒரு தடவை வந்துட்டுப் போ."

"முடியலக்கா. ஒரே அசதியா இருக்கு. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"லிஃப்ட் மெக்கானிக் எதுக்குடா மாடி ஏறுற? சரி, அடுத்த வாரம் வந்துடு. ரத்தம் வேணும்."

வைத்துவிட்டாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் டெக்னீஷியன் பெண் தன் கையையே நீட்டினாள். புது பாட்டில், புது ரத்தம். எல்லாம் அச்சடித்தாற்போல ஒழுங்காக வந்தது.

"பாத்தியா? பாட்டில்தான்" என்றாள் இவள்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே, எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை மாணவர்களை அழவைத்திருக்கிறாள்! அன்றைக்கு அவளே சாயத்தையும் மாற்றினாள், ஆளையும் மாற்றினாள். தம்பியின் ரத்தத்தில் கோளாறு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கன்ட்ரோலுக்கு நோய் வருமா என்ன?

அடுத்த வாரமும் அவன் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. டெக்னீஷியன் பெண்ணின் ரத்தத்திலேயே வேலை ஓடியது. கடைசியில் ஒரு கட்டிடத்து லிஃப்ட் அறையில் அவன் மயங்கி விழுந்தான் என்று தகவல் வந்தது. ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரி டாக்டர், தெரிந்தவள்தானே என்று சோதனைப் படத்தை அவளிடமே நீட்டினார். அதே இடத்தில் அதே திட்டு.

"கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தம்பியிடம் அவள் மறைக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான்.

"உன் மிஷின் நல்ல மிஷின்தான்க்கா. பாவம், அதைப் போய்த் திட்டிட்டியே."

அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. வருமா? "ஊர்ப் பிள்ளைங்க ரத்தத்தை எல்லாம் அப்படிப் பாத்துப் பாத்து ஆராய்ச்சி பண்ணீங்களே, அண்ணி" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. தம்பி போன பிறகும் பேசவில்லை. இவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

ஊசி ஜெயித்தது. அந்தக் காய்ச்சல் வார்டில் கட்டில்கள் காலியாகத் தொடங்கின. மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். அவள் மேடையில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து, அடக்கமான மனுஷி என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகொரு நாள் டெக்னீஷியன் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். பழைய முடிவுகளையும் புதிய முடிவுகளையும் ஒத்துப்பார்க்கப் பழைய கன்ட்ரோல் வேண்டும். தம்பி நன்றாக இருந்த காலத்தில் எடுத்தது தொட்டியில் ஒரே ஒரு குழாய் மிச்சம்.

"நானே உருக்கறேன்" என்றாள்.

வெந்நீர்த் தொட்டியில் குழாயைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். பனி கரைந்தது. ஒரு சொட்டு எடுத்து நீலச்சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தாள். செத்த அணு நீலமாகும், உயிருள்ள அணு சாயத்தை உள்ளே விடாது.

"எப்படி மேடம் இருக்கு?"

நீலம் தேடினாலும் கிடைக்கவில்லை. வட்டவட்டமாக, பளிச்சென்று, அத்தனையும் உயிரோடு இருந்தன. எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை தப்பியது. மறுபடி எண்ணினாள், மறுபடியும் தப்பியது. கண்ணாடி வில்லை நனைந்து எல்லாம் கலங்கிப்போனது.

கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அசதியா இருக்குன்னியேடா. உடம்புக்கு என்னடா பண்ணுது?"