சீஸ் கேட்டால் சீம்பால்

"…அப்புறம் நீ என்னடா சொன்னே? போளி செய்யணும், சீம்பால் வேணும்னுதானே சொன்னே! பஸ்ஸுல ஒக்கார எடமில்ல. கொழந்தையைத் தூக்குற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நல்லம்பள்ளியில இருந்து நின்னுக்கிட்டே வந்திருக்கேன்!"

அக்கா மூச்சு விடாமல் பேசினாள். கையிலிருந்த சீம்பால் தூக்குப்போசியை மட்டும் கீழே வைக்கவில்லை.

நான் சொன்னது போளியும் இல்லை, சீம்பாலும் இல்லை. பெங்களூரில் என் மகளோடு வேலை பார்க்கும் பிரேசில் பெண் ஒருத்தி அன்று சாயங்காலம் அரூருக்கு, எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தாள். ஊரை விட்டு வந்ததிலிருந்து அவள் ஏங்கிக் கிடப்பது ஒரே ஒரு பண்டத்துக்குத்தானாம்: பொலீன்யோ. உள்ளே சீஸ் வைத்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் உருண்டை. "எங்கப்பா போன்ல பாத்தே எதையும் செஞ்சிடுவாரு" என்று மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். இங்கே கடையில் சீஸ் தீர்ந்து போயிருந்தது. வரும் வழியில் தர்மபுரியில் வாங்கி வரச் சொல்லித்தான் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் மாடு அப்போதுதான் கன்று ஈன்றிருந்தது. அவள் காதுக்குள் வேறென்ன நுழையும்? பொலீன்யோ போளியாயிற்று, சீஸ் சீம்பாலாயிற்று.

"வாங்கிட்டு வான்னு சொன்னேனேக்கா. சீம்பாலை எந்தக் கடையில விக்கிறாங்க?"

"அதான் வழியெல்லாம் திட்டிக்கிட்டு வந்தேன். கூடப் பொறந்தவ இருக்கையில கடையில வாங்குற அளவுக்குப் பெரிய மனுசனாயிட்டானேன்னு!"

சீம்பாலை உறவுக்காரர் வீட்டில் வேண்டாமென்று சொன்னால் மாட்டின் மனசு நோகும் என்பது அக்காவின் கட்சி. மாட்டின் மனசா, உன் மனசா என்று நான் கேட்கவில்லை. அதற்குள் மகளிடமிருந்து கிருஷ்ணகிரி தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. இனி இருப்பதை வைத்துத்தான் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். சீம்பாலில் உப்பும் பச்சைமிளகாயும் போட்டு ஆவியில் வைத்தேன்.

"ஐயய்யோ, சீம்பால்ல உப்பா! வெல்லம் போடுடா பாவி! அந்தக் கன்னுக்குட்டிக்குத் தெரிஞ்சா என்ன நெனைக்கும்?"

"தெரியாதுக்கா. அது நல்லம்பள்ளியில இருக்குது."

வெந்து ஆறியதைத் துண்டு போட்டு, பாலில் கிளறிய மைதா மாவுக்குள் வைத்து உருட்டி, ரஸ்க் தூளில் புரட்டினேன். முதல் உருண்டை வாணலியில் டப்பென்று வெடித்தது. "பாத்தியா, மாடு கோவிச்சுக்கிச்சு" என்றாள் அக்கா. தொட்டுக்கொள்ள மாம்பழமும் காய்ந்த மிளகாயும் அரைத்து ஒரு சாஸ் செய்திருந்தேன். அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, ஊறுகாய்க்குச் சளி புடிச்சிருக்குதா?" என்று விசாரித்தாள். இதில் எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று சத்தியமும் செய்தாள்.

அந்தப் பெண் வந்தாள். ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தாள். கடித்த மிச்சத்தைப் பிடித்திருந்த கையை மெல்ல முன்னால் நீட்டினாள், நீட்டிக்கொண்டே போனாள். எனக்குப் புரிந்துவிட்டது. சீஸ் என்றால் நூல் மாதிரி இழுபடும், போனில் பார்த்திருக்கிறேன். சீம்பால் எங்கே இழுபடும்? அவள் வாய்க்கும் கைக்கும் நடுவில் வெறும் காற்று. மறுபடி கடித்தாள், மறுபடி நீட்டினாள்.

"இந்தப் புள்ள எக்சர்சைஸ் பண்ணிக்கிட்டேதான் தின்னுமா?" என்று அக்கா என் காதைக் கடித்தாள்.

பிறகு சாஸில் தோய்த்து ஒன்று, இன்னொன்று. மகளிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"அப்பா, இது சீஸே இல்லையாம்."

நான் தட்டை எடுக்கப் போனேன்.

"ஆனா இன்னும் இருக்குதான்னு கேக்குறா."

தட்டில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அந்தப் பெண்ணின் கை போவதற்குள் அக்கா அதை எடுத்துக்கொண்டாள். நேரே சமையலறைக்குள் போய் நாட்டுச்சர்க்கரை டப்பாவைத் திறந்து, உருண்டையைப் பிட்டு அதில் நன்றாகப் புரட்டி எடுத்து வந்து, "இப்பத் தொற வாயை, கண்ணு" என்று அவளுக்கு ஊட்டிவிட்டாள்.