மாரக்காள் காலில் ஒன்பது சிவப்பு அம்புகள்

ஓடினாள்தான். யார் இல்லையென்றது? மங்கலத்தில் ஏழு ஐம்பது பஸ்ஸைப் பிடிக்க மாரக்காள் ஓடியதை அடுத்த வீட்டு ஒச்சாயி கண்ணால் பார்த்தாள். பார்த்ததோடு விட்டாளா? "காலு வெளங்காதவளா இவ? என்னா ஓட்டம் ஓடுறாத்தா! கவருமெண்டை ஏமாத்தி வண்டி வாங்கிட்டா" என்று குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு அளக்கிறாள். அந்த ஓட்டம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டாள். வலது கால் ஓடும். இடது கால், சந்தைக்கு வர மனசில்லாத மாட்டைப் போலப் பின்னாலேயே இழுபட்டு வரும். அதற்குப் பெயர் ஓட்டமென்றால் ஒச்சாயி அப்படி நாலு அடி ஓடிக் காட்டட்டும், பார்க்கலாம்.

மூன்று வயதில் வந்த போலியோவில் சூம்பிப்போன கால் அது. அந்தக் காலோடுதான் மாரக்காள் அருள்புரத்து பனியன் கம்பெனியில் பதினெட்டு வருசமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். துணியில் குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கண்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள்.

வேலையில் குறையில்லை. குறையெல்லாம் வேலைக்குப் போய்ச் சேருவதில்தான். தம்பி மகுடேஸ்வரன் வீட்டில்தான் அவள் இருந்தாள். தினமும் அவன்தான் மொபெட்டில் கொண்டுபோய் விடவேண்டும். தங்கமான பிள்ளை, ஆனால் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டால் மீசையின் இரண்டு பக்கமும் சரிசமமாக வரும்வரை நகரமாட்டான். எட்டரைக்குக் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். அவன் மீசை முடியாத நாளில்தான் அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். "இன்னும் மூணு வாட்டி லேட்டா வந்தீங்கன்னா டேபிளை வேற ஆளுக்குக் குடுத்துருவேனுங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை அரசாங்கம் கொடுப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது. மனுப் போட்டாள். பழைய ஊன அட்டை செல்லாது, மருத்துவ முகாமுக்குப் போய்க் காலைத் திரும்ப அளந்து வா, ஊனம் நாற்பது சதவீதமாவது இருக்கவேண்டும் என்றார்கள்.

முகாமுக்கு அவள் எப்படிப் போனாள் தெரியுமா? கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை, தலை நிறையப் பூ, இடது காலுக்கென்று அடிப்பாகம் உயர்த்தித் தைத்த செருப்பு.

"கால்ல என்னம்மா கஷ்டம்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கறனுங்க. நீங்க சாப்டீங்களா?"

"படி ஏறுவீங்களா?"

"ஏறீருவனுங்க." உட்கார்ந்து உட்கார்ந்து, கையை ஊன்றித்தான் ஏறுவாள் என்பதை யார் சொல்வது?

"வலி இருக்குதா?"

"அது பாட்டுக்கு இருக்குமுங்க. அதைப் போயி உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு."

டாக்டரம்மா முப்பத்தைந்து என்று எழுதிவிட்டார். அவரை ஏன் குறை சொல்லவேண்டும்? சொன்னதைத்தானே எழுதினார்.

வெளியே வந்ததும் மகுடேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏனக்கா, டாக்டர்கிட்டப் போயி நல்லா இருக்கறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"மொத மொதப் பாக்கற அம்மா. போன ஒடனே மூக்கைச் சிந்தறதா தம்பி?"

மேல்முறையீடு செய்தார்கள். மறுபடி ஒரு தேதி கொடுத்தார்கள். இந்த முறை விடக்கூடாது என்று மகுடேஸ்வரன் வீட்டிலேயே பயிற்சி ஆரம்பித்தான். "இப்பிடி நொண்டோணும், பாத்துக்க" என்று தானே நொண்டிக் காட்டினான். கூடத்தில் ஆரம்பித்துச் சமையல்கட்டுவரை அற்புதமாக நொண்டியவன், நிலைப்படியில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு மூன்று நாள் நிஜமாகவே நொண்டினான்.

"பொய்யா நொண்டறதா இருந்தா எனக்கு அந்த வண்டியே வேண்டாம்" என்று மாரக்காள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாளே தவிர, டேபிளில் நிற்கும்போதெல்லாம் அதே கவலை. சூப்பர்வைசர் சொன்ன மூன்று லேட்டில் இரண்டு அதற்குள் தீர்ந்துவிட்டது. பக்கத்து டேபிள் மெஹ்ஜபின்தான் வழி சொன்னாள்.

"ஏனக்கா, இத்தனை பீஸ் பாக்கறமே, எதாச்சும் ஒண்ணு எனக்கு இங்க ஓட்டைன்னு வாயைத் தொறந்து சொல்லுதா? நாமதான ஒட்டி அனுப்பறோம்?"

மாரக்காள் அன்றைக்கே சொந்தக் காசில் ஒரு ரோல் அம்பு ஸ்டிக்கர் வாங்கினாள்.

இரண்டாம் முகாமில் வரிசை நீளமாக இருந்தது. பெஞ்சின் மூலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையை முழங்கால்வரை ஏற்றி, பனியனைப் பார்க்கிற அதே கண்ணோடு தன் காலைப் பார்த்தாள். சூம்பிய ஆடுசதைக்கு ஒரு அம்பு. மடங்காத கணுக்காலுக்கு இரண்டு. தரையைத் தொடாத குதிகாலுக்கு ஒன்று. எண்ணி ஒன்பது ஒட்டினாள்.

பக்கத்தில் இருந்த பெரியவர் தவசிக்குக் காது கேட்காது. அவர் குனிந்து பார்த்தார். "ஓ, ஒட்டோணுமா? எனக்கு யாரும் சொல்லலீங்களே!" என்று ஊரே கேட்கும்படி கத்தினார். மாரக்காள் மறுத்துப் பேசினால் அவருக்குக் கேட்கவா போகிறது? காதோரம் ஒன்று ஒட்டிவிட்டாள். அவ்வளவுதான். "அக்கா, எனக்கு ஒண்ணு குடுங்க", "இங்க ரெண்டு வேணுமுங்க" என்று வரிசை மொத்தமும் அவளைச் சூழ்ந்துகொண்டது. பார்வையில்லாத டேனியல் மட்டும், "எனக்கு எதுக்குங்க? கண்ணாடியைக் கழட்டினாத் தெரியப்போகுது" என்று சிரித்தான், அப்புறம் அவனும் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான், துணைக்கு வந்திருந்த மகுடேஸ்வரனின் தொப்பையிலும் ஒன்று ஒட்டிவிட்டான். அது அவனுக்கே தெரியாது.

அதே டாக்டரம்மாதான், நிமிர்ந்து பார்த்தார். வரிசை பூராவும் சிவப்பு அம்பு.

"என்னங்க இது? யார் ஒட்டச் சொன்னது?"

வண்டி போச்சு என்றுதான் மாரக்காள் நினைத்தாள். ஆனாலும் எழுந்து நின்றாள். "நாந்தானுங்க. எனக்குச் சொல்ல வரமாட்டேங்குதுங்க. டேபிள்ல குறையைப் பாத்தா இப்பிடித்தானுங்க ஒட்டுவோம். நீங்களே ஒவ்வொண்ணாப் பாத்துக்குங்க."

டாக்டரம்மா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அளவு நாடாவை எடுத்தார். ஒவ்வொரு அம்பாக அளந்தார், அழுத்தினார், மடக்கினார். கால் எவ்வளவு குட்டை என்று குறித்தார், எவ்வளவு பலம் என்று குறித்தார். ஒன்பதாவதைப் பார்த்துவிட்டு, "பத்தாவது ஒண்ணு விட்டுப்போச்சும்மா, இடுப்புல" என்றார். மாரக்காளுக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. பதினெட்டு வருச வேலையில் ஒரு குறையைத் தவறவிட்டது அதுவே முதல்முறை.

ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

"அடுத்து நீங்க, படுங்க" என்றார் மகுடேஸ்வரனைப் பார்த்து. "நானுங்களா?" என்று விழித்தவன், தொப்பையைக் குனிந்து பார்த்துவிட்டு வெளியே பாய்ந்தான்.

நாலு மாதத்தில் வண்டி வந்தது. அதுவரை மூன்றாவது லேட் விழாமல் பார்த்துக்கொண்டாள். கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் மெஹ்ஜபினைப் பின்னால் உட்காரவைத்து மாரக்காள் ஓட்டிப் பழகினாள். மெஹ்ஜபின் கண்ணை மூடிக்கொண்டேதான் பழக்கிக்கொடுத்தாள்.

முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது மணி ஏழரை. மகுடேஸ்வரன் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

"அக்கா, மொத நாளு. தனியாப் போவாத. அஞ்சே நிமிசம், நானும் பின்னால வர்றேன்."

அவள் அவன் மீசையைப் பார்த்தாள். இடது பக்கம் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.

"நீ மீசையை நிதானமா எறக்கு தம்பி. வலது பக்கம் ஒரு நூலு தூக்கலா இருக்குது பாரு."

சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். நிலையைப் பிடித்து, எப்போதும் பின்னால் இழுபட்டு வருகிற இடது காலை முதலில் வெளியே தூக்கி வைத்தாள்; அப்புறம் வலது காலை எடுத்து வைத்து, வாசலைத் தாண்டி வண்டியிடம் போனாள்.