ஆள் சேராத விமானம்

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வராது. ஜீப் எப்போது நிறைகிறது என்பதுதான் எங்கள் கணக்கு. அம்மாவின் தம்பியான என் மாமாதான் அந்த ஜீப்பை ஓட்டினார். உள்ளே நெருக்கியடித்து, பின்னால் நாலு பேர் தொங்கும் வரை சாவியைத் தொடமாட்டார். மலையிறங்க அப்படியொன்றும் நேரமாகாது. ஆள் சேரத்தான் அரை நாள்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. சென்னையிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம்தான், இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். திருப்பத்தூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகவே அவ்வளவு நேரமாகும் என்றார் அப்பா. அப்படியானால் குவைத் பக்கத்து ஊர்தானே! ஆனால் இரண்டு வருடம் முடிந்து பொங்கலும் போனது, அம்மா வரவில்லை. அவள் முகம் மறந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஐந்து மணி நேரத் தூரத்தில் இருப்பவள் ஏன் வரவில்லை என்று யோசித்து யோசித்து, காரணத்தை நானே கண்டுபிடித்தேன்.

வெள்ளிக்கிழமைதான் அம்மா போன் செய்வாள். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று கேட்டேன்.

"இன்னாம்மா, பிளேனுக்கு இன்னும் ஆளு சேரலையா?"

"ஆமா கண்ணு. இன்னும் பத்து பேரு வரணும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வாரங்களில் பத்து ஆறாகி, ஆறு மூன்றானது. பழுத்த பலாவை அம்மா வரும்வரை வெட்டக் கூடாது என்று அப்பாவிடம் அடம்பிடித்தேன். பழம் அழுகியதுதான் மிச்சம். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா, உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள் என்றாள்.

மாமாவின் ஜீப்பிலும் இது நடப்பதுதான். காத்திருந்து சலித்தவர்கள் திட்டிக்கொண்டே இறங்கி நடையைக் கட்டுவார்கள். அந்த வாரம் அப்படி இறங்கிய ஒரு பெரியவரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "எறங்காதீங்க" என்று கத்தி அழுதேன். அவர் வெலவெலத்துப் போய் மறுபடி ஏறி உட்கார்ந்தார். மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். அன்று மட்டும் ஜீப் நிறையாமலே கிளம்பியது.

வெள்ளிக்கிழமை வந்ததும் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"யாரு எறங்கினாலும் நீ எறங்காதம்மா. சீட்டு போய்டும்."

"எறங்க மாட்டேன் கண்ணு" என்றாள்.

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் பேசுகிறாள் என்று நம்பியிருந்தேன். பாஸ்போர்ட்டை அந்த வீட்டுக்காரி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்ததும், அம்மா வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாமல் இருந்ததும் எனக்குத் தெரியாது.