கொண்டையில் ஒரு பொட்டு அத்தர்

எங்கள் அம்மாவைப் பற்றிப் பீற்றிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

கொடைரோடு பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். அப்பா இறந்த பிறகு அம்மாதான் அதைக் கட்டி ஆண்டாள். பூவைப் பறிப்பாள், மார்க்கெட்டுக்கு அனுப்புவாள், ஊரில் எந்த விசேஷம் என்றாலும் சரம் சரமாகத் தொடுத்துக் கொடுப்பாள். அவள் தலையில் மட்டும் ஒரு மொட்டுகூட ஏறக் கூடாது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, பதினாறாம் நாளே தன் கையால் அம்மாவின் பூவை எடுத்துப் போட்டிருந்தாள். என்ன நியாயமோ!

ஆனால் அம்மாவிடம் ஒரு அத்தர் குப்பி இருந்தது. கல்யாணமான புதிதில் அப்பா திண்டுக்கல் கடைவீதியில் வாங்கிக் கொடுத்தது. கட்டைவிரல் உயரம், கண்ணாடி மூடி, அசல் மல்லிகை வாசம். நான் வாங்கும் ஸ்ப்ரே எல்லாம் பஸ் ஏறுவதற்குள் பறந்துவிடும். அந்த அத்தர் மறுநாள் தலையணையிலும் மணக்கும். நல்ல நாளில் கொண்டைக்கு அடியில் பிடரியில் ஒரு பொட்டு வைத்துக்கொள்வாள். அன்றைக்கெல்லாம் அவள் நடையே வேறு.

என் கல்யாணம் தாடிக்கொம்பில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலித் தட்டை அம்மாதான் ஏந்தி வர வேண்டும் என்பது என் ஒரே ஆசை. முதல் நாளே அத்தை வெட்டிவிட்டாள்.

"நல்ல காரியத்துல அவ முன்னால வரப்புடாது. சமையக்கட்டுல நிக்கட்டும்."

"அம்மா வரலைன்னா நான் மேடையில உக்கார மாட்டேன்" என்றேன்.

மறுநாள் முகூர்த்த நேரம். அம்மா நேராக மேடைக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் வாசனை வந்து சேர்ந்தது. அத்தையின் மூக்கு சும்மா இருக்குமா?

"ஏண்டி, தலையில பூ வச்சிருக்கியா?"

"இல்ல மதினி."

"பொய் சொல்லாத. மல்லி வாசம் ஆளத் தூக்குது!"

அத்தை கொண்டையைப் பிடித்துத் திருப்பப் போனாள். அம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு, அத்தனை சனம் பார்க்கத் தானே கொண்டையை அவிழ்த்தாள். முடி இடுப்பு வரை விழுந்தது. வாசம் இன்னும் கூடியதே தவிர, ஒரு இதழ்கூட உதிரவில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க மதினி. பூ வைக்கக் கூடாதுன்னீக, வைக்கல. மணக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா நிதானமாக முடியை முடிந்துகொண்டு, "தட்டக் குடுங்க, நேரமாகுது" என்றாள். அத்தையே எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பெருமையில் அழுகை பொங்கிவிட்டது. கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் மை கரைந்த கண்ணோடுதான் இருக்கிறேன்.

போன வருடம் அத்தையின் வீட்டுக்காரர் இறந்துபோனார். சில மாதம் கழித்து அத்தை எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். வெறுந்தலை. காப்பி குடித்தாள், மழையைப் பற்றிப் பேசினாள், கிளம்பியவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"அன்னைக்கு என்னத்தடி போட்டுக்கிட்டு வந்த?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அம்புட்டு நல்ல மனசு கிடையாது. அம்மா உள்ளே போய்க் குப்பியை எடுத்து வந்தாள். அடியில் துளிதான் மிச்சம்.

"குனிங்க மதினி."

குப்பியைக் கவிழ்த்துத் தட்டி, கடைசிப் பொட்டை அத்தையின் பிடரியில் வைத்தாள். பிறகு காலிக் குப்பியை மூடிவிட்டு, அன்றைக்குப் பறித்துத் தொடுத்த பூக்கூடையைப் பக்கத்தில் இழுத்தாள்.

"அத்தர் தீந்து போச்சு. இனிமே நம்ம ரெண்டு பேரும் பூவையே வச்சுக்க வேண்டியதுதான்."

அத்தை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அம்மா வைக்கட்டும் என்று அப்படியே நின்றாள்.