பவுடர் போட்ட கால்கள்

நாற்றத்தைப் பற்றிய சாட்சி இது. முகம் சுளித்தாலும் கடைசிவரை வாசியுங்கள், விசுவாசிகளே. நானும் சுளித்தவன்தான்.

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், டைல்ஸ் ஒட்டும் வேலை, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் வேலை என்று திருத்தணியிலிருந்து பூந்தமல்லி வரை அலைந்திருக்கிறேன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் தங்கியதில்லை. கஷ்டம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆண்டவரை ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பை கட்டிலுக்கு அடியில் தயாராகவே இருந்தது.

போன வருஷம் ஆவடி பக்கம் சேக்காட்டில் ஓர் அறையில் இருந்தேன். கூட இருந்தவர் முனுசாமி, பெயின்டர். சொந்தம் என்று யாரும் அவரைத் தேடி வந்ததில்லை. வாய் ஓயாத மனுஷன். நான் ஜெபிக்க முழங்கால் போட்டால், "இன்னாபா, தரையில எதுனா தொலைச்சிட்டியா?" என்பார். ஆனால் நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வாங்கிவந்து கொடுத்தவர் அவர்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலத்தின் முதல் வாரம், வேலை செய்யும் இடத்தில் அவர் காலில் ஆணி ஏறியது. சர்க்கரை வியாதிக்காரர், வலி தெரியவில்லை. நாலு நாளில் விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சில வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அம்மா என்னிடம் சொன்னார்: "தினமும் கட்டைப் பிரிச்சு, கழுவி, மருந்து வெச்சுக் கட்டணும். அசந்தீங்கன்னா முட்டி வரைக்கும் எடுக்கவேண்டி வரும்."

முதல் நாள் கட்டைப் பிரித்தேன். செத்த எலி தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடந்தால் வருமே, அந்த வாடை. மஞ்சளும் பச்சையுமாகத் துணி தோலோடு ஒட்டியிருந்தது. ஓடிப்போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். அவர் தானே குனிந்து கழுவப் பார்த்தார், தொப்பை விடவில்லை. பழைய துணியையே எப்படியோ சுற்றிக்கொண்டார்.

"ஆண்டவரே, வேறு யாரையாவது அனுப்பும்" என்று ஜெபித்தேன். நான்கு நாள் அதே ஜெபம். நான்கு நாளும் கட்டைப் பிரிக்கவில்லை.

ஆட்கள் வந்தார்கள். சபையிலிருந்து ஐந்து பேர். ஒருவரும் வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரு சகோதரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். ஒரு அண்ணன் வெளியே நின்றபடியே கையை நீட்டி ஜெபித்தார். ஆரஞ்சுப் பழங்களைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனுசாமி சிரித்தார்.

"மாமே, உங்க சாமி மூக்கைப் பொத்திகினு வெளியவே நின்னுடுமா? ஊட்டுக்குள்ள வராதா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். நானும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்படியும் நான் திருந்தவில்லை. சனிக்கிழமை பையோடு கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நடுவில் பெரிய வியாழன் இருந்தது. இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதை நினைத்து, எங்கள் போதகர் அன்று பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். என் பெயரும் இருந்தது. எனக்குப் பெருமை. மத்தியானமே குழாயடியில் உட்கார்ந்து குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவினேன். உள்ளே முனுசாமிக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. கட்டின்மேல் ஈ மொய்த்தது.

"எங்க கெளம்பிட்ட, மாப்ள கணக்கா?"

"சர்ச்சுக்கு, அண்ணாத்தே. கால் கழுவுறாங்க."

அவர் என் காலைப் பார்த்தார். "அதான் பளபளன்னு கீதே. அத்த இன்னாத்துக்குக் கழுவுறாங்க?"

கேலியாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

ஆராதனையில் என் வரிசையைப் பார்த்தேன். எல்லாக் கால்களும் தேய்த்துக் கொண்டுவந்த கால்கள். ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார். போதகர் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். பாத்திரத்துத் தண்ணீர் குடிக்கலாம்போலத் தெளிவாகவே இருந்தது. அருவருப்பு என்ற வார்த்தையை வேதத்தில் எத்தனையோ இடத்தில் வாசித்திருக்கிறேன். அது மற்றவர்களுக்கு எழுதியது என்று நினைத்திருந்தேன். அன்று எண்ணெய் மினுக்கிய என் கால்களைப் பார்த்து எனக்கே குமட்டியது. என் முறை வருமுன் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வழியில் என் ஜெபம் மாறியது. "நாற்றத்தை எடும் என்று கேட்கவில்லை, ஆண்டவரே. என் கை பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ளும்."

வெந்நீர் வைத்தேன். கட்டைப் பிரித்தேன். புழு இருந்தது. நாற்றம் கொஞ்சமும் குறையவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, பாதி வேலையில் மறுபடி வாந்தி வந்தது.

"போய் எட்த்துட்டு வா, நைனா. எம்மேல எடுக்காத" என்றார் முனுசாமி.

போனேன். திரும்பி வந்தேன். கை பின்வாங்கவில்லை. ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அதுதான். அது என் பலம் இல்லை. என்னை எனக்குத் தெரியும்.

கழுவிக் கட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கால் போயிருக்கும்" என்றார் டாக்டர். ரெண்டு நாள் என்றால் சனிக்கிழமை.

அதற்குப் பிறகு தினமும் நான்தான் கழுவினேன். ஆடி மாதத்தில் ஒரு காலை, கட்டைப் பிரிக்கும்போது பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கும் வாசனை வந்தது. அது மட்டும்தான் வந்தது. காலைக் கையில் பிடித்தபடி அழுதேன்.

முனுசாமி இன்று எட்டு விரலோடு சாரத்தில் ஏறிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார். சபைக்கு வரவில்லை. நான் முழங்கால் போட்டால் டிவியைக் குறைக்கிறார். என் பையில் இப்போது பஞ்சும் கட்டுத்துணியும் இருக்கின்றன. ஆவடியில் இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போய்ப் புண் கழுவுகிறேன். இன்றும் குமட்டுகிறது.

இந்த வருஷமும் பன்னிரண்டு பேரில் என் பெயர் இருந்தது. வேலையிலிருந்து சிமெண்ட் அப்பிய காலோடு அப்படியே போனேன். தண்ணீர் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தார். போதகர் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றினார்.

விசுவாசிகளே, நாற்றம் போகட்டும் என்று வாசலில் காத்திருக்காதீர்கள். மூக்கைப் பொத்திய கையை எடுத்து ஆண்டவரிடம் நீட்டுங்கள். அவர் அதைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். எனக்குச் செய்தார்.