பாஷா பாயின் முகவரியை நான் அழிக்கவில்லை

அலுவலகத்துக்கு வழக்கம்போல் இரண்டு டீ வந்திருந்தது. காய்ச்சல் என்று லீவில் இருந்த பாஷா பாயின் டம்ளரைத் திருப்பி அனுப்பும்போதுதான் சங்கராபுரத்திலிருந்து அவர் தம்பி போனில் பேசினார். "அண்ணன் மௌத்தாயிட்டாருங்க. சாயங்காலம் அடக்கம், வந்துடுங்க."

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஜவ்வரிசி ஆலையின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள் இருவர்தான். ஒரே அறை, எதிரெதிர் நாற்காலி, நாள் முழுக்கச் சண்டை. அவரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. டீயில் சர்க்கரை கம்மி என்பதற்கே அரை மணி நேரம் வாதாடுவார்.

பெரிய சண்டை கறுப்புப் பட்டியலில் வந்தது. குப்பை மெயில் அனுப்பும் சர்வர்களைக் குறித்துவைக்கும் பொதுப் பட்டியல் அது. அதில் இருப்பவர்களின் மெயிலைத் திருப்பிவிட்டால் போதும் என்றேன் நான். பாய் கேட்கவில்லை. குப்பை அனுப்புகிறவன் பொய் முகவரிதானே போடுவான்? அதனால் மெயில் வரும்போதெல்லாம், அனுப்பியவரின் சர்வரிடம் 'இப்படி ஓர் ஆள் அங்கே உண்டா' என்று எங்கள் சர்வர் கேட்கும்படி அமைத்துவிட்டார். ஒரே வாரத்தில் எங்கள் சர்வரே கறுப்புப் பட்டியலில் ஏறியது. கல்வராயன் மலையில் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கித்தரும் ஏஜென்டுக்கு அனுப்பிய விலை போய்ச் சேரவில்லை. லோடு வேறு ஆலைக்குப் போய்விட்டது. முதலாளி போட்ட சத்தத்தை இருவரும் வாங்கிக்கொண்டோம். வெளியே வந்ததும் பாய் சிரித்தார்.

"வூடு வூடா கதவத் தட்டிக்கினு ஆள் இருக்காங்களான்னு கேட்டா, நம்மளத்தான திருடன்னு நெனப்பாங்க?"

பிறகு இருவர் சொன்னதையும் சேர்த்தோம். முதலில் பட்டியலைப் பார்ப்பது. அதைத் தாண்டி வருகிறவர்களில் புதியவரைப் பற்றி மட்டும் கேட்பது, கிடைத்த பதிலைச் சர்வர் நினைவில் வைத்துக்கொள்வது. இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. வேலையை விட்டு யார் போனாலும் அன்றைக்கே அவர்கள் மெயில் முகவரியைச் சர்வரிலிருந்து அழித்துவிடுவார். "இல்லாத ஆள இருக்காருன்னு நம்ம சர்வர் சொல்லக்கூடாதுங்க. அது பொய் சாட்சி."

இப்போது பாயின் முகவரியை அழிக்கச் சொல்லி முதலாளி கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற வேலைகளை எல்லாம் முடித்துவிட்டேன். அறையில் மறுத்துப் பேச ஆளில்லை. டீயில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது, குடிக்கத்தான் முடியவில்லை.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முகவரி ஒன்றுதான். எந்த ஊர் சர்வர் கேட்டாலும் எங்கள் சர்வர் 'இருக்கிறார்' என்றே சொல்லும். பொய் சாட்சி என்று அவர் சண்டைக்கு வரட்டும். எதிர் நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை.